ஐந்து கட்டம் போட்ட அட்டை

கடந்த ஏழு நாட்களில் தலை சீவிக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று ஜெபசீலி தாளைப் பார்த்து வாசிக்கிறாள், அவள் வாசித்து முடிப்பதற்குள் என் மனைவி ஆவுடை, "நான்தாம்மா சீவி விடுதேன், இவுகளுக்கு முடியாது" என்று சொல்லிவிட்டாள். பொய் இல்லை. இன்றைக்குக் காலையிலும் அவள்தான் சீவிவிட்டாள், ஆலங்குளத்தில் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஈரத் தலையில் சீப்பை வைத்து இழுத்து, இடப்பக்கம் எடுக்க வேண்டிய வகிடை வலப்பக்கம் எடுத்து. ஆனால் செவ்வாய்க்கிழமை நானே சீவினேன். அவள் கீழே குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் சீவினேன், பத்து நிமிஷம் ஆனது, சீப்பு ரெண்டு தடவை கீழே விழுந்தது, வகிடு கோணிக்கொண்டு போனது, ஆனாலும் சீவினேன். இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? மேசைமேல் ஒரு அட்டை இருக்கிறது, அதில் ஐந்து கட்டம், கொட்டை எழுத்தில். சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ஓரளவு சிரமம், ரொம்பச் சிரமம், செய்யவே முடியவில்லை. ஏழு நாளில் ஆறு நாள் முடியாமல் ஒரு நாள் முடிந்தால் அது எது? ஆறு நாளும் முடியாமல்தான் இருந்ததா, இல்லை சீப்பை என் கையில் யாரும் கொடுக்கவில்லையா? "அக்கா, கொஞ்சம் பொறுங்க, அண்ணாச்சி சொல்லட்டும்" என்கிறாள் ஜெபசீலி. "நேரம் ஆனாலும் பரவாயில்ல." சொல்லட்டுமாம். நெஞ்சுக்குள் முழு வாக்கியம் தயாராக நிற்கிறது, எழுவாய் பயனிலையோடு, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். தொண்டைக்கு வந்ததும் நாலாபக்கமும் சிதறிவிடுகிறது. "சீ... சீப்பு" என்கிறேன். அவள் காத்திருக்கிறாள். "செவ்வா." மின்விசிறி சுற்றுகிறது, எங்கேயோ ஒரு சக்கர நாற்காலி கிறீச்சிடுகிறது. "நான்." ஜெபசீலியின் முகம் மலர்கிறது. "செவ்வாய்க்கிழமை நீங்களே சீவினீங்களா?" தலையாட்டுகிறேன். ஆவுடை என் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டாள். "எப்போ? எனக்குத் தெரியாதே!" நான் அவளைப் பார்க்காமல் மூன்றாவது கட்டத்தில் விரலை வைக்கிறேன்.

இந்த மாதிரி இருபத்தெட்டுக் கேள்வி. பக்கவாதம் வந்தவர்களுக்கு வாரம் ரெண்டு நாள் கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தால் குணம் தெரிகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பயிற்சி கொடுப்பவர்கள் வேறு ஆட்கள், கேட்டு எழுதுவது ஜெபசீலி, கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தாலும் ஆராய்ச்சி இப்போது அவளுடையது. ஆரம்பத்தில் ஒரு தாள், ஆறு மாதம் கழித்து ஒரு தாள். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்காம். இன்றைக்கு எனக்கு ரெண்டாவது தாள். பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரிக்கு நான் வந்துபோன நாற்பத்தெட்டு நாளும், வலது கையில் துணிக்கவ்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் மாட்டியதும், கண்ணாடி முன் நின்று க, கா, கி என்று வாயைக் கோணியதும், பஸ்ஸில் என் எச்சில் ஒழுகி பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனதும், எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே ஒரு எண் ஆகும். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவன் நான். ஒருத்தியின் ஒரு மாதப் பயத்தை, அழுகையை, வியர்வையை, கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் ஐந்து நிமிஷத்தில் பார்த்து பாஸ், ஃபெயில் என்று எழுதிவிடுவார். அந்த ஐந்து நிமிஷத்தில் வண்டி நின்றுபோனால் போனதுதான். நான் அப்போதெல்லாம் அவர்களிடம், அடுத்த தடவை பாத்துக்கலாம் தாயி, என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

"காரில் ஏறி உட்காருவதும் இறங்குவதும் எவ்வளவு சிரமமாக இருந்தது?" என்று அடுத்த கேள்வி. கார் என்றதும் பக்கவாதம் வந்த அந்தக் காலைதான் கண்ணில் வருகிறது. மார்கழி, காலை ஆறரை, தென்காசி ரோட்டில் பனி. ஸ்டியரிங்கில் லீலாவதி, எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், அன்றைக்கு அவளுக்கு ஆறாவது நாள் வகுப்பு. மூன்றாவது கியரைத் தாண்டினதில்லை. நான் பக்கத்து இருக்கையில், என் காலடியில் எனக்கென்று ஒரு தனி பிரேக், பழக்குகிறவர்களுக்கு உள்ளது. எதிரில் பால் வண்டி. மெதுவா, பிரேக்கைத் தொடு, என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்ல" என்று வந்தது. மறுபடி சொன்னேன். "இல்ல, இல்ல." சரி, நாமே மிதித்துவிடலாம் என்று வலது காலை நகர்த்தினேன், கால் அங்கே இல்லை. இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அது யாருடையதோ போல் கிடந்தது. பால் வண்டி பெரிசாகிக்கொண்டே வந்தது. லீலாவதி தானாகவே மிதித்தாள், வண்டி குலுங்கி நின்றது, அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், கோணின வாயைப் பார்த்தாள், மணி பார்த்தாள். வண்டியைத் திருப்பி, திருநெல்வேலி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள், ஆறாவது நாள் மாணவி, நாலாவது கியரைத் தானாகப் போட்டு, முக்கால் மணி நேரத்தில். நான் சாய்ந்து கிடந்தபடி அவள் செய்கிற தப்பெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன், இண்டிகேட்டர் போடவில்லை, கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்டுகிறாள், கண்ணாடி பார்க்கவில்லை. சொல்லத்தான் முடியவில்லை. நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னாராம். மறுபடி வந்தால்? பஸ்ஸில் வரும்போது, குளிக்கும்போது, ஆவுடை பக்கத்தில் இல்லாதபோது? கால் மரத்தால் போதும், அதுதானோ என்று விரல்களை அசைத்துப் பார்க்கிறேன். இப்போதும் மேசைக்கடியில் அசைத்துப் பார்க்கிறேன், அசைகிறது. "அண்ணாச்சி?" என்கிறாள் ஜெபசீலி. காரில் ஏறுவது. அதற்குப் பிறகு நான் காரில் ஏறவே இல்லை. ஏறாதவனுக்குச் சிரமம் எங்கிருந்து வரும்? "ஏறல" என்கிறேன். தெளிவாக வந்தது, எனக்கே ஆச்சரியம். "ஏறவே இல்லையா? முடியாமலா, பயமா?" அட்டையில் அந்த ரெண்டாவது வார்த்தைக்குக் கட்டம் இல்லை. அவள் பேனாவால் ஓரத்தில் சின்னதாக ஏதோ எழுதிக்கொள்கிறாள்.

அதற்கடுத்த பக்கம் பேச்சு. நெருக்கமானவர்களோடு பேசுவது, புதியவர்களோடு பேசுவது, நினைத்த வார்த்தை கிடைப்பது. ஆவுடை வாயைத் திறந்தாள், ஜெபசீலி பார்த்த பார்வையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் ஒவ்வொன்றிலும் நாலாவது கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டே போகிறேன், ரொம்பச் சிரமம், ரொம்பச் சிரமம், ஒன்றில் மட்டும் மூன்று. ஜெபசீலி கோப்பிலிருந்து பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள், அவள் நெற்றி சுருங்குகிறது. பழைய தாள் எனக்கும் தலைகீழாகத் தெரிகிறது. வரிசையாக, மேலிருந்து கீழ்வரை, முதல் கட்டத்திலேயே டிக். சிரமமே இல்லை. பேசுவதில் சிரமமே இல்லை. மாடி ஏறுவதில் சிரமமே இல்லை. "இது யாரு எழுதினது? நான் சேர்றதுக்கு முந்தி..." என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். எனக்கு நினைவிருக்கிறது, கண்ணாடி போட்ட ஒரு பையன், கட்டிலருகே நின்றபடியே, வேகமாக. சிரமம் இருக்கா? இல்ல. இதுல சிரமம் இருக்கா? இல்ல. ஆவுடைதான் அதைச் சொல்கிறாள். "அந்தச் சமயம் இவுகளுக்கு இல்லங்கிற ஒரு வார்த்தை மட்டுந்தாம்மா வரும். காப்பி வேணுமான்னாலும் இல்ல, நான் யாருன்னு கேட்டாலும் இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோனது, அன்றைக்கு அவள் கேட்டதும் நான் சொன்னதும் அவளுக்கு மறுபடி காதில் விழுந்திருக்கும். ஆனால் அது மட்டுமில்லை. இன்னொன்றும் உண்டு, அது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு எனக்குச் சிரமமே இல்லை. கட்டிலில் கிடந்தவனுக்கு மாடிப்படி என்ன சிரமம்? பேச்சும் சரளமாகத்தான் இருந்தது, எனக்குள். நான் பேசுகிறேன், இவர்களுக்குத்தான் காது கேட்கவில்லை, ஏன் எல்லோரும் இப்படிக் குனிந்து குனிந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கோபமாக வரும். என்னிடமிருந்து என்ன போனது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ரெண்டு மாதம் ஆனது. ஒரு நாள் பயிற்சியில் என் குரலைப் பதிவு செய்து என்னிடமே போட்டுக் காட்டினார்கள். அன்றைக்கு பஸ்ஸில் ஊர் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். குணமாக ஆரம்பித்த நாள் அதுதான் என்றால் யார் நம்புவார்கள்.

ஜெபசீலி எண்களை வாய்க்குள் கூட்டுகிறாள். எனக்கு இருக்கை சுடுகிறது. கூட்டவே வேண்டாம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அன்றைக்கு எல்லாம் நன்றாக இருந்தது, இன்றைக்கு எல்லாம் மோசம். ஆறு மாதப் பயிற்சிக்கு அப்புறம் இந்த ஆள் கீழே போய்விட்டார் என்று அந்தக் கணக்கு சொல்லும். என்னைப்போல் இன்னும் நாலு பேர் இப்படிச் சொன்னால்? பயிற்சியால் பிரயோஜனம் இல்லை என்று மேலே எழுதிவிட்டால், இதை நிறுத்திவிடுவார்களா? இந்தப் பிள்ளை மாதா மாதம் போன் பண்ணி, "அண்ணாச்சி நடக்காங்களா அக்கா, மாத்திரை விடாம போடுதாங்களா?" என்று கேட்டதெல்லாம்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களே, கழுத்தில் தூளிபோல் துணி கட்டி ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சங்கரன்கோவிலிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்கெல்லாம்? இன்னும் ஒன்பது கேள்வி இருக்கிறது. ஒன்பதிலும் முதல் கட்டத்தில் விரலை வைத்துவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? ஒரு விரல் நகர வேண்டிய தூரம் நாலு அங்குலம். "மாடிப்படி ஏறுவது" என்கிறாள். என் விரல் முதல் கட்டத்தின் மேல் போய் நிற்கிறது. எங்கள் வீட்டுப் படி பதினாறு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலைப் பின்னால் இழுத்து, எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கி. பதினாறையும் நான்தான் ஏறுகிறேன். அதைச் சிரமமே இல்லை என்று சொன்னால், ஏறினது யார்? அந்தப் படியில் பட்ட பாடெல்லாம் இல்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகாதா? விரல் மூன்றுக்கு வருகிறது. ஜெபசீலி அதைப் பார்த்துவிட்டாள். பேனாவைக் கீழே வைக்கிறாள். "அண்ணாச்சி, எனக்காக நல்லதா சொல்லணும்னு நெனைக்கீங்களா?" நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "வேண்டாம். பொய்யா ஒரு நல்ல நம்பர வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? உள்ளது உள்ளபடி சொல்லுங்க. எங்க தப்புனு நான் பாத்துக்கிடுதேன்."

அதற்கப்புறம் சுலபமாக இருந்தது. சுலபம் என்றால், நேரம் ஆனது, ஆனால் பயம் இல்லை. சட்டைப் பொத்தான், ரொம்பச் சிரமம். பேப்பர் படிப்பது, ஓரளவு, தலைப்பு மட்டும். சோறு பிசைந்து சாப்பிடுவது, இடது கைக்கு இன்னும் கூச்சம் போகவில்லை, அதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் காட்டினேன், ஜெபசீலிக்குப் புரிந்துவிட்டது. குடும்ப முடிவுகளில் கலந்துகொள்வது என்று ஒன்று. அதில் நானும் ஆவுடையும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெபசீலி அந்தக் கேள்வியில் அவசரப்படவில்லை. நான் நாலிலிருந்து மூன்றுக்கு நகர்த்தினேன். கடைசிப் பக்கம் வந்தது. கேள்வி இல்லை, வெறும் ரெண்டு கோடு. வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று மேலே அச்சடித்திருக்கிறது. "இதுல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள் ஜெபசீலி, "ஆனா நான் கேக்கணும்." ஆவுடை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கிளம்பத் தயாராக. "இருக்கு" என்றேன். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இதை எப்படி ஆரம்பிப்பது? போன வெள்ளிக்கிழமை. எதிர்வீட்டுக்காரி வந்திருந்தாள், ஆவுடை முறுக்குப் பிழிந்துகொண்டே அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்து நாற்காலியில். "இவுகளுக்கு நாம பேசுறது ஒண்ணும் புரியாதுக்கா, சும்மா சத்தமாவே சொல்லு" என்றாள் ஆவுடை. ஆறு மாதமாக அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், நான் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன். "ச..." என்கிறேன். ஜெபசீலியின் பேனா கோட்டின் மேல் நிற்கிறது. "சண்ட." ஆவுடை பையை இறுக்கிப் பிடித்தாள். "சண்ட... போட்டேன். ஆவுடை... கூட." ஜெபசீலி ஆவுடையைப் பார்க்கிறாள். ஆவுடையின் முகம் என்னமோ ஆகிறது, நான் இப்போது திட்டு விழும் என்று நினைக்கிறேன், அவள் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீரோடு சிரிக்கிறாள். "ஆமாம்மா! போட்டாக! புரியும், எல்லாம் புரியும், சும்மா இருடின்னு. ஒரே மூச்சுல. எதிர்வீட்டு அக்கா பயந்துபோய் எழுந்திரிச்சுப் போயிட்டா. எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு இறங்கல. அப்பறம் படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன், நாங்க சண்ட போட்டு எம்புட்டு நாளாச்சுன்னு." மூக்கை உறிஞ்சினாள். "இவுக பேசாம இருக்கும்போது நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிப் பேசியே பழகிட்டேன். அதான்." என்னிடம் அவள் அதைச் சொன்னதில்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று அவளிடம் யாரும் அட்டை நீட்டியதில்லை. ஜெபசீலி எழுதிக்கொண்டிருக்கிறாள், ரெண்டு கோடும் நிறைந்து, தாளின் ஓரத்தில் செங்குத்தாக எழுதி, அதுவும் போதாமல் பின்பக்கம் திருப்பி.

எழுதி முடித்துவிட்டு மொத்தத்தைக் கூட்டி என்னிடம் நேராகவே சொன்னாள். "அண்ணாச்சி, பழைய தாள்படி பாத்தா நீங்க முப்பத்தொரு மார்க் குறைஞ்சிருக்கீங்க. எங்க கைடு சார் கேப்பாரு. அந்தத் தாள் உங்க பதில் இல்லைனு எழுதி, நீங்க இப்ப சொன்னதையும் வச்சுக் குடுக்கப்போறேன். அத மாதிரி இன்னும் எத்தனை தாள் இருக்குனு தேடணும், அது என் தலவலி." சிரித்தாள். "உங்களுக்கு இதத்தான் முதல் தாள்னு வச்சுக்குவோம். இன்னும் மூணு மாசப் பயிற்சிக்குக் கேட்டிருக்கேன், குடுத்துருவாங்க. அதுக்கப்பறம் இன்னொரு தடவ கேக்குதேன், இதே கேள்விதான்." முதல் தாள். அப்படியென்றால் ஆறு மாதமும் போனதா? போகவில்லை, ஆறு மாதம் உழைத்துத்தான் இந்த ஒரு தாளை ஒழுங்காக எழுதும் இடத்துக்கு வந்திருக்கிறேன். இப்போதுதான் சாவி போட்டிருக்கிறது, வண்டி இன்னும் முதல் கியரில்தான், ஆனால் ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த தடவை அந்தப் பொத்தான் கேள்வியில் எங்கே விரலை வைப்பேன்? கார்க் கேள்விக்கு? லீலாவதி லைசென்ஸ் எடுத்துவிட்டாளாம், போன மாதம் வந்து இனிப்பு கொடுத்துவிட்டு, "வாங்க மாஸ்டர், ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டாள், நான் கையை ஆட்டி மறுத்துவிட்டேன். பக்கத்து இருக்கைதானே. கதவைத் திறந்து, இடது கையால் மேலே பிடித்து, உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை எடுத்து வைத்தால்? இறங்க வேண்டுமென்றால் இறங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் வண்டி குறைவு. "அண்ணாச்சி, உங்க போன் நம்பர் பழைய தாள்ல தப்பா இருக்கு, போட்டா யாருக்கோ போகுது, இவ்வளவு நாளும் அக்கா நம்பருக்குத்தான் கூப்பிட்டேன்" என்கிறாள் ஜெபசீலி. "உங்க நம்பர் சொல்லுங்க." எண்கள் எனக்கு வார்த்தைகளைவிட மோசம். ஏழு என்று நினைத்தால் ஒன்பது என்று வரும். ஆவுடை சொல்லப்போகிறாள் என்று அவள் மூச்சை இழுப்பதிலேயே தெரிகிறது. இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உதட்டை உள்ளே மடித்துக் கடித்தபடி. "ஒம்போது" என்கிறேன். "நாலு. நாலு." ஜெபசீலி எழுதுகிறாள். "ரெண்டு." அப்புறம் ஒரு பெரிய வெள்ளைச் சுவர். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. விட்டுவிடலாமா? ஆவுடை இன்னும் மூச்சு விடவில்லை, விரல்களால் பையின் வாரைப் பிசைந்துகொண்டிருக்கிறாள், என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருக்கிற முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்த்தால் சொல்லிவிடுவோம் என்ற பயம் போலிருக்கிறது. "ஒண்ணு" என்கிறேன். "ஆறு. அஞ்சு... இல்ல, எட்டு." மூன்று எண் மிச்சம். ஒவ்வொன்றும் ஒரு படி. நின்று, மூச்சு வாங்கி, கடைசி எண்ணையும் சொல்லிவிட்டேன், சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. "பாப்போம்" என்று ஜெபசீலி தன் போனை எடுத்துத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்துகிறாள், காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ ஒன்று, ரெண்டு, மூன்று என்று பயிற்சிக்கு எண்ணுகிறார்கள். என் நெஞ்சோரத்தில் ஏதோ நடுங்கியது, ஐயோ என்று ஒரு கணம் பயந்தேன், அதற்குள் சட்டைப் பைக்குள்ளிருந்து போன் மணி அடிக்க ஆரம்பித்தது.